மண்ணுக்கடியில் ஒரு மொழி: ஹாம்ஸ்டரின் வாசனையும் நம் அமானிதமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

சென்ற மாதம் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் தன் பத்து வயது மகனை அழைத்துக்கொண்டு வந்தார். அழுது அழுது பையனின் முகம் வீங்கியிருந்தது. "ஹஜ்ரத், ரெண்டு நாளா இவன் சரியா சாப்பிட மாட்டேங்கிறான். நீங்கதான் இவனுக்கு சொல்லணும்" என்றார்.

விஷயம் இதுதான். பெருநாள் காசைச் சேர்த்து வைத்து அந்தப் பையன் இரண்டு ஹாம்ஸ்டர்கள் வாங்கியிருக்கிறான். வெள்ளெலி போல உருண்டையாக, பொன்னிறத்தில், கன்னப்பையில் தானியத்தை அடைத்துக்கொள்ளும் அந்தச் சின்னப் பிராணியை இப்போது பல வீடுகளில் பார்க்க முடிகிறது. "தனியா இருந்தா ஏங்கிப் போயிடும், ரெண்டா வாங்கிக்கோங்க" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வியாழக்கிழமை பையன் கூண்டை முழுவதுமாகக் காலி செய்து, வாசனை சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, புது மரத்தூள் பரப்பி இரண்டையும் உள்ளே விட்டிருக்கிறான். மறுநாள் ஸுப்ஹுக்கு எழுந்து பார்த்தால் ஒன்று உடம்பெல்லாம் கடிபட்டு இறந்து கிடந்தது.

பையன் என்னிடம் கேட்ட கேள்வி இது: "நான் சுத்தமாத்தானே வச்சேன் ஹஜ்ரத்? சுத்தமா இருக்கறது ஈமான்ல உள்ளதுன்னு நீங்கதானே மதரஸாவுல சொன்னீங்க? அது செத்ததுக்கு நான்தான் காரணமா? எனக்குப் பாவமா?"

அப்போதைக்கு அவனுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் ஏன் அப்படி நடந்தது என்று அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. மதரஸாவில் ஏழு வருடம் ஓதினேன். பிறகு கல்லூரியில் கலைப்பிரிவில் பட்டம் வாங்கினேன். எலியின் மூக்கைப் பற்றி இரண்டு இடத்திலும் பாடம் இருக்கவில்லை. அதனால் தேடிப் படித்தேன். படித்ததை அந்தப் பையனுக்குச் சொல்வது போலவே இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளுக்குப் பிராணி வாங்கிக் கொடுக்கும் எல்லாப் பெற்றோருக்கும் இது பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

ஹலப் மண்ணின் பிள்ளை

நம் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டருக்கு 'சிரியன் ஹாம்ஸ்டர்' என்று பெயர். பெயருக்கேற்ப அதன் சொந்த ஊர் ஷாம் தேசம். ஹலப் (அலெப்போ) நகரைச் சுற்றியுள்ள சமவெளியும், அதை ஒட்டிய துருக்கியின் தென்பகுதியும்தான் உலகிலேயே அது இயற்கையாக வாழும் இடம். 1839ஆம் ஆண்டு ஹலபிலிருந்து கிடைத்த ஒரு மாதிரியை வைத்து, ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கிலேயர் இதை ஒரு தனி இனமாக அறிவியல் உலகுக்கு விவரித்தார்.

அதன் பிறகு நீண்ட காலம் இதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1930இல், காலா அசார் வகை நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஒரு சிறு விலங்கு தேவைப்பட்டது. அதற்காக ஜெரூசலத்திலிருந்து இஸ்ராயேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் ஹலப் பகுதிக்கு வந்தார். உள்ளூர் ஆட்களைக் கொண்டு ஒரு கோதுமை வயலைத் தோண்டி, வளைக்குள் இருந்த ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் எடுத்தார். அந்தக் கலவரத்தில் தாய் தன் குட்டி ஒன்றைத் தானே கடித்துக் கொன்றுவிட்டது. மிஞ்சிய குட்டிகளில் சில தப்பின, சில இறந்தன. எஞ்சிய மிகச் சிலவற்றிலிருந்து பெருகிய வம்சம்தான் இன்று உலகெங்கும் கூண்டுகளில் வாழும் சிரியன் ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை. நம் பையனின் கூண்டில் இருந்ததும் அநேகமாக அந்த ஹலப் வயலின் வாரிசாகத்தான் இருக்கும்.

காட்டில் இந்தப் பிராணி எப்படி வாழ்கிறது? 1997, 1999 ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் அந்தச் சமவெளிக்குப் போய் வளைகளை அளந்து பார்த்தார்கள். வளைகளின் சராசரி ஆழம் சுமார் 65 சென்டிமீட்டர். ஒரு வளையில் கூட, வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றுக்கு மேல் இல்லை. ஆள் இருக்கும் இரண்டு வளைகளுக்கு இடையே மிகக் குறைந்த தூரமே நூறு மீட்டருக்கு மேல் இருந்தது. அதாவது ஒரு ஹாம்ஸ்டருக்கும் அடுத்த ஹாம்ஸ்டருக்கும் நடுவில் நம் தெருவில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை உள்ள தூரம். நாமோ இரண்டை ஒன்றரை அடிக் கூண்டில் அடைத்திருக்கிறோம்.

"தனியாக இருந்தால் ஏங்கிவிடும்" என்பது மனிதனின் கணக்கு. அல்லாஹ் அதைத் தனித்து வாழும் பிராணியாகப் படைத்திருக்கிறான்.

இருட்டுக்கு ஏற்ற மொழி

தனியாக வாழும் பிராணிக்கும் அக்கம்பக்கம் உண்டு. இந்த வயல் யாருடையது, இந்த வழியாகக் கடைசியாகப் போனது யார், அது ஆணா பெண்ணா, பலசாலியா நோஞ்சானா, இணைசேரும் பருவத்தில் இருக்கிறதா என்றெல்லாம் அது தெரிந்துகொள்ள வேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது?

வளைக்குள் வெளிச்சம் இல்லை, கண் உதவாது. சத்தம் போட்டால் நரிக்கும் ஆந்தைக்கும் பாம்புக்கும் இருப்பிடம் தெரிந்துவிடும். தவிர, சத்தம் போட்டவுடன் மறைந்துவிடும். கேட்க வேண்டியவர் அந்த நேரத்தில் அங்கே இருந்தால்தான் பயன். வாசனை அப்படியல்ல. வைத்தவர் போன பிறகும் அது அங்கேயே நிற்கும். காற்றோட்டம் குறைந்த சுரங்கத்தில் அது சீக்கிரம் கலைவதில்லை. இருட்டிலும் 'படிக்க' முடியும். மண்ணுக்கடியில் வாழும் உயிருக்கு இதைவிடப் பொருத்தமான கடிதம் கிடையாது.

இப்படி ஒரு உயிர் வெளியிட்டு, அதே இனத்தைச் சேர்ந்த மற்றொன்றின் நடத்தையையோ உடல்நிலையையோ மாற்றும் வேதிப்பொருளுக்கு 'ஃபெரோமோன்' என்று பெயர். 1959இல்தான் விஞ்ஞானிகள் இந்தச் சொல்லை உருவாக்கினார்கள். அதே ஆண்டில் பட்டுப்பூச்சியின் வாசனைப் பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். அந்தத் துளிப் பொருளுக்காகச் சுமார் ஐந்து லட்சம் பெண் பட்டுப்பூச்சிகள் தேவைப்பட்டன. அவ்வளவு நுண்ணிய அளவில் இந்த மொழி பேசப்படுகிறது.

இடுப்பில் ஒரு முத்திரை

ஹாம்ஸ்டரின் இரண்டு பக்க விலாவிலும், இடுப்பை ஒட்டி, ரோமத்துக்குள் கறுத்த சிறு மச்சம் போல ஒன்று இருக்கும். ஆணுக்கு அது பெரியது. சில பெற்றோர் இதை நோய் என்று பயந்து மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். அது நோயல்ல, வாசனைச் சுரப்பி. ஹாம்ஸ்டர் முதுகை வளைத்து, சுவரோடு விலாவை உரசிக்கொண்டே நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். விளையாட்டாகத் தெரியும். உண்மையில் அது தன் முத்திரையைக் குத்திக்கொண்டு போகிறது.

இந்த முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது? முதலாவது, ஆள் அடையாளம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஜான்ஸ்டன் என்ற ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகள் ஹாம்ஸ்டர்களைக் கவனித்தார். ஒவ்வொன்றின் வாசனையும் வேறு. ஒன்றையொன்று தனித்தனி ஆளாக அவை அடையாளம் காண்கின்றன என்று அவரும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். ஒரு சண்டையில் தோற்ற ஹாம்ஸ்டர், தன்னை வென்றதன் வாசனையை நினைவில் வைத்து, பிறகு அது வரும் பக்கமே போகாமல் ஒதுங்குகிறது. ஆனால் முன்பின் சண்டையிடாத வேறொரு ஹாம்ஸ்டரைப் பார்த்து அப்படி ஓடுவதில்லை.

இரண்டாவது, அந்தஸ்து. வென்றது அதிகமாக முத்திரை குத்தும். தோற்றது அடக்கி வாசிக்கும்.

மூன்றாவது, யார் பேச்சு கடைசிப் பேச்சு என்பது. ஒன்றின் முத்திரை மேல் மற்றொன்று தன் முத்திரையைப் பதிக்கும். நம்மூர்ச் சுவர்களில் ஒரு போஸ்டர் மேல் இன்னொரு போஸ்டர் ஒட்டுவது மாதிரிதான். முகர்ந்து பார்க்கும் மூன்றாவது ஹாம்ஸ்டருக்கு மேலே இருக்கும் வாசனைதான் அதிகமாக நினைவில் நிற்கிறது என்று ஜான்ஸ்டனின் சோதனைகள் காட்டின.

பெண் ஹாம்ஸ்டருக்கு இன்னொரு வகை முத்திரையும் உண்டு. நான்கு நாளுக்கு ஒருமுறை அதற்கு இணைசேரும் பருவம் வரும். அதற்கு முந்தைய இரவில் உடலின் பின்பகுதியைத் தரையில் அழுத்தி வாசனைக் கோடு போட்டுக்கொண்டே போகும். தொலைவில் இருக்கும் ஆணுக்கு அதுதான் வழிகாட்டி. இந்த வாசனையில் ஆணை ஈர்க்கும் பொருள்களில் ஒன்று கந்தகம் கலந்த 'டைமெத்தில் டைசல்ஃபைடு' என்று 1970களில் கண்டுபிடித்தார்கள். நம் மூக்குக்கு அது பூண்டு வாடை போன்றது. நமக்குக் கைக்குட்டையை மூக்கில் வைக்கத் தோன்றும் வாடை, இன்னொரு படைப்புக்கு அழைப்பிதழாக இருக்கிறது. சுப்ஹானல்லாஹ்!

பருவம் முடிந்ததும் அதே பெண் அந்த ஆணை விரட்டிவிடும். குட்டிகளை அது தனியாகத்தான் வளர்க்கும்.

அத்தரும் சந்தன எண்ணெயும்

இங்கே ஒரு சந்தேகம் வரும். வாசனை என்றாலே காற்றில் பறந்துபோவதுதானே? பறந்தால்தானே மூக்குக்கு எட்டும்? அப்படியானால் ஒரு முத்திரை எப்படி நாள்கணக்கில் நிற்கிறது?

நம் அத்தர் கடைக்காரரைக் கேளுங்கள். பூவின் வாசம் தானாக நிற்காது. அதனால்தான் பழைய முறையில் அத்தர் வடிப்பவர்கள் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். எண்ணெய் அந்த வாசத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடும். காலையில் தடவிய அத்தர் இஷாவுக்கும் மணப்பது அதனால்தான்.

எலி இனங்களில் மிக விரிவாக ஆராயப்பட்ட சுண்டெலியிடம் இதே ஏற்பாட்டை அல்லாஹ் வைத்திருக்கிறான். அதன் சிறுநீரில் ஒரு வகைப் புரதம் ஏராளமாக உண்டு. அந்தப் புரதத்தின் நடுவே ஒரு சின்னக் குழி. பறந்துபோகும் வாசனை மூலக்கூறு அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மெதுவாக வெளியேறும். புரதம்தான் சந்தன எண்ணெய். உள்ளே இருப்பது பூவின் வாசம். அதோடு முடியவில்லை. இந்தப் புரதங்களின் கலவை எலிக்கு எலி மாறுபடுகிறது. எனவே புரதமே ஓர் அடையாள அட்டையாகவும் வேலை செய்கிறது.

மோந்து பார்ப்பதற்கும் இரட்டை ஏற்பாடு. சாதாரண மூக்கு ஒன்று. மூக்குத் தண்டின் அடியில் மறைந்திருக்கும் குழல் போன்ற இன்னொரு உறுப்பு மற்றொன்று. 1813இல் லுட்விக் ஜேக்கப்சன் என்ற டேனிஷ் மருத்துவர் இதை விவரித்ததால் 'ஜேக்கப்சன் உறுப்பு' என்பார்கள். காற்றில் பறக்காத, நேரில் தொட்டு முகர வேண்டிய கனமான பொருள்களைக்கூட இது உணர்ந்து, மூளைக்குத் தனிப் பாதையில் செய்தி அனுப்புகிறது. மனிதனுக்குக் கருவில் இந்த உறுப்பு தோன்றினாலும் பிறகு வேலை செய்வதில்லை. வாசனையை உணரும் ஏற்பி வகைகள் நமக்குச் சுமார் 400. சுண்டெலிக்கு ஆயிரத்துக்கும் மேல். அதன் பார்வையில் நாம்தான் குருடர்கள்.

கூட்டத்தின் வாசனை

தனித்து வாழும் ஹாம்ஸ்டருக்கு நேர் எதிராக, கூட்டமாக வாழும் வளை எலி ஒன்றும் உண்டு. சோமாலியா, எத்தியோப்பியா, கென்யா நாடுகளின் வறண்ட மண்ணுக்கடியில் ரோமமே இல்லாத ஒரு சிறு பிராணி வாழ்கிறது. 'ரோமமில்லாத துன்னெலி' என்று சொல்லலாம். ஒரு கூட்டத்தில் எழுபது, எண்பது இருக்கும். சில சமயம் அதைவிட மிக அதிகமாகவும் இருக்கும். தேனீக்களைப் போல ஒரே ஒரு ராணிதான் குட்டி போடும்.

அவை வளைக்குள் ஓர் அறையைக் கழிவறையாக ஒதுக்கி வைக்கின்றன. அங்கே போய்ப் புரண்டு எழுந்து வருகின்றன. நமக்கு அருவருப்பாக இருக்கும். ஆனால் அந்தப் பொது வாசனைதான் 'இவன் நம் ஆள்' என்பதற்கு அடையாளம். அந்த வாசனை இல்லாத அந்நியன் நுழைந்தால் கடித்துக் குதறிவிடும்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிராணிகள் செய்வதெல்லாம் நமக்கு முன்மாதிரி அல்ல. தன் வாசனை இல்லாதவனைக் கடிப்பது துன்னெலியின் இயல்பு. முன்பின் தெரியாதவருக்கும் ஸலாம் சொல்லும்படி நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது. குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று சூரத்துல் ஹுஜுராத் சொல்கிறது. படைப்பைப் பார்த்துப் படைத்தவனை அறிவதுதான் நம் வேலை. எலியைப் பார்த்து நடக்கப் பழகுவது அல்ல.

அரபிகள் பார்த்த வளை

வளைகளை உற்றுப் பார்க்கும் பழக்கம் நம் முன்னோரான அரபு மொழி அறிஞர்களுக்கு இருந்தது. பாலைவனத்தில் 'யர்பூஃ' என்று ஒரு துள்ளும் எலி உண்டு. அதன் வளைக்கு வெளிப்படையாகத் தெரியும் வாசல் ஒன்று இருக்கும். அதோடு, மேலே மெல்லிய மண் மூடிய இரகசிய வாசல் ஒன்றும் இருக்கும். வேட்டைக்காரன் முன்வாசலுக்கு வந்தால், அது தலையால் முட்டி மறுவாசல் வழியாகத் தப்பிவிடும். அந்த மறைவாசலுக்கு 'நாஃபிகாஉ' என்று பெயர். 'நிஃபாக்', 'முனாஃபிக்' ஆகிய சொற்கள் இதிலிருந்து வந்தவை என்று அரபு அகராதி அறிஞர்கள் விளக்குகிறார்கள். ஒரு வாசல் வழியாக மார்க்கத்துக்குள் நுழைந்து, மறைவான வாசல் வழியாக வெளியேறுகிறவன் நயவஞ்சகன்.

வளைகளைப் பற்றி ஃபிக்ஹிலும் ஒரு சட்டம் உண்டு. பூமியில் உள்ள பொந்துகளில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அப்துல்லாஹ் இப்னு ஸர்ஜிஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் செய்தி அபூதாவூத், நஸயீ நூல்களில் பதிவாகியுள்ளது. ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபு நூல்களிலும் இது மக்ரூஹ் என்றே படித்துக் கொடுக்கிறோம். உள்ளிருந்து விஷ ஜந்து ஏதும் வெளிவந்து நமக்குத் தீங்கு செய்யலாம். உள்ளே இருக்கும் பலவீனமான உயிருக்கு நம்மால் தொல்லை ஏற்படலாம் என்று ஃபுகஹாக்கள் காரணம் சொல்கிறார்கள்.

பல வருடம் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். வளைக்குள் இருக்கும் உயிருக்குச் சிறுநீரே எழுத்து, சுவரே ஏடு என்று படித்த பிறகு, 'உள்ளே இருக்கும் உயிருக்குத் தொல்லை' என்ற அந்த வார்த்தை எனக்குப் புதிய கனத்தோடு கேட்டது. ஆனால் அந்தத் தடைக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

அளவோடு பேசுவோம்

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஏதாவது ஓர் அறிவியல் செய்தி வந்தவுடன், "இதை 1400 வருடத்துக்கு முன்பே சொல்லியாகிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் பரப்புவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. திருக்குர்ஆன் நேர்வழி காட்ட வந்த வேதம். பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று சூரத்துல் அன்ஆமின் 38ஆவது வசனம் நமக்கு உணர்த்துகிறது. எல்லாப் பொருளும் அல்லாஹ்வைத் துதிக்கின்றன, அந்தத் துதி நமக்குப் புரிவதில்லை என்பது சூரத்துல் இஸ்ராவின் 44ஆவது வசனத்தின் கருத்து. அந்த வசனங்கள் நமக்குப் பணிவைக் கற்றுத் தருகின்றன. ஃபெரோமோன் என்ற சொல்லை அவற்றுக்குள் திணிக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

விஞ்ஞானிகளின் முடிவுகளும் மாறக்கூடியவை. துன்னெலி ராணி தன் சிறுநீரின் வாசனையால்தான் மற்றப் பெண்களுக்குக் குட்டி பிறக்காமல் தடுக்கிறது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். சோதித்துப் பார்த்தபோது அந்த வாசனை மட்டும் போதவில்லை. ராணி நேரில் இருப்பதுதான் காரணம் என்ற பக்கம் கருத்து திரும்பியது. வேதவசனத்தை இன்றைய ஆராய்ச்சி முடிவோடு கட்டிப்போட்டால், நாளை அந்த முடிவு மாறும்போது சங்கடப்படுவது யார்?

இன்னொரு எச்சரிக்கை. 'ஃபெரோமோன் கலந்த அத்தர், பூசினால் எல்லோரும் மயங்குவார்கள்' என்று இணையத்தில் விற்கிறார்கள். மனிதனுக்கு இப்படி ஒரு ஃபெரோமோன் இருப்பதாக இதுவரை உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. நறுமணம் பூசுவது அழகிய சுன்னத். அதற்காக ஏமாந்து காசைக் கொடுக்க வேண்டாம்.

அன்று கூண்டில் என்ன நடந்தது?

இப்போது பையனின் கூண்டுக்கு வருவோம்.

ஹாம்ஸ்டரின் வாசனை முத்திரைகளைச் சண்டைக்கான அழைப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அவை பெரும்பாலும் சண்டையைத் தவிர்ப்பதற்காகவே. "இது என் இடம், நீ அந்தப் பக்கம் போய்விடு" என்று எழுதி வைத்தால், வருகிறவன் படித்துவிட்டுத் திரும்பிப் போவான். தோற்றவன், வென்றவனின் வாசனையை நினைவில் வைத்து விலகிப் போவான். இரண்டு வளைகளுக்கு நடுவே நூறு மீட்டர் இருக்கும் வரை இந்த ஏற்பாடு அழகாக வேலை செய்கிறது.

கூண்டில் என்ன ஆயிற்று? சுவரெல்லாம் "போய்விடு" என்று எழுதியிருந்தது. போவதற்கு இடமில்லை. குட்டிகளாக இருந்தவரை பொறுத்துக்கொண்டன. ஆறு, எட்டு வாரத்தில் அவை வளர்ந்துவிடும். அதன் பிறகு பொறுக்காது. யார் பெரியவன் என்று ஏதோ ஓர் ஒழுங்கு அதுவரை அந்த வாசனைகளில் பதிந்திருக்கலாம். முழுக் கூண்டையும் வாசனை சோப்பால் கழுவியபோது அந்த எழுத்து மொத்தமாக அழிந்து, சொந்த வீடே அந்நிய வீடாகிவிட்டது. ஆண் சுண்டெலிகளில் கூண்டு கழுவிய பிறகு சண்டை அதிகமாவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பழைய கூட்டுப் பஞ்சைப் புதுக் கூண்டுக்கு மாற்றினால் சண்டை குறைவதையும் கண்டிருக்கிறார்கள். நம் பையனின் கூண்டிலும் கழுவியது ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம். ஆனால் அடிப்படைக் காரணம் அதுவல்ல. சேர்ந்து வாழாத இரண்டைச் சேர்த்து அடைத்ததுதான் காரணம். கழுவாமல் விட்டிருந்தாலும் ஒருநாள் அது நடந்திருக்கும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

சிரியன் ஹாம்ஸ்டரை ஒரு கூண்டுக்கு ஒன்று என்றே வளருங்கள். அண்ணன் தம்பியாக இருந்தாலும், ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் சேர்த்து வைக்காதீர்கள். குள்ள வகை ஹாம்ஸ்டர்களில் சில ஓரளவு சேர்ந்து வாழும். அது வேறு இனம். கடையில் என்ன இனம் என்று கேட்டு வாங்குங்கள்.

கூண்டைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். அது சிறுநீர் கழிக்கும் ஈரமான மூலையை அடிக்கடி மாற்றுங்கள். உறங்கும் கூட்டின் உலர்ந்த பஞ்சிலோ தாளிலோ ஒரு பகுதியை அப்படியே விட்டு வையுங்கள். வாசனை சோப்பு, பினாயில், ஸ்பிரே எதுவும் வேண்டாம்.

கூண்டுக்குள் ஆழமாகத் தூளோ தாளோ நிரப்புங்கள். தோண்டுவது அதன் இயல்பு. பூனையைத் தடவிய கையோடு அதைத் தூக்காதீர்கள். கையைக் கழுவிவிட்டுத் தூக்குங்கள்.

குட்டி போட்டிருந்தால் முதல் இரண்டு வாரம் கூட்டைக் கலைக்காதீர்கள், குட்டியைத் தொடாதீர்கள். உணவும் தண்ணீரும் வைத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். அச்சுறுத்தப்பட்ட தாய் தன் குட்டியையே கொல்லக்கூடும். 1930இல் அந்த ஹலப் வயலில் நடந்தது அதுதான்.

தொழுகை விஷயத்திலும் கவனம் தேவை. அதன் சிறுநீரும் கழிவும் நஜீஸ். மடியில் வைத்து விளையாடிய பிள்ளை தொழுகைக்கு முன் கையையும் உடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வாங்குவதற்கு முன்னரே இதையெல்லாம் நம்மால் செய்ய முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால் வாங்காமல் இருப்பதே இரக்கம். பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அவள் அந்தப் பூனையை அடிக்கவில்லை. அடைத்து வைத்துவிட்டு அதன் தேவையை மறந்தாள். அதற்கே அவ்வளவு பெரிய கேள்வி. கூண்டின் கதவைச் சாத்திய அந்த நொடியே உள்ளே இருக்கும் உயிர் நம் அமானிதமாகிவிடுகிறது.

ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. சிறகடித்த பறவையின் வேதனை அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. ஹாம்ஸ்டரின் வேதனை நம் கண்ணுக்கும் தெரிவதில்லை, மூக்குக்கும் எட்டுவதில்லை. படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் அந்தப் பையன் மக்ரிபுக்கு வந்திருந்தான். கூப்பிட்டு உட்காரவைத்து இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். "தெரியாமல் செய்ததற்கு உன் மேல் குற்றமில்லை. ஆனால் இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. இனி நீ பொறுப்பாளி" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்ப மிச்சம் இருக்கறதுக்குத் துணைக்கு இன்னொண்ணு வாங்கித் தரேன்னு வாப்பா சொன்னாங்க. வேணாம்னு சொல்லிடவா ஹஜ்ரத்?"

"வேணாம்னு சொல்லிடுப்பா" என்றேன்.

தன் படைப்புகளைப் புரிந்து நடக்கும் அறிவையும், பலவீனமான உயிர்கள் மீது இரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.